காப்பாளரைத் தந்த சட்டம், பராமரிப்பைத் தந்ததா?

வளர்ச்சிசார் குறைபாடு என்பது கருவிலோ, பிறப்பின்போதோ, வளரும் பருவத்திலோ மூளையின் வளர்ச்சியில் நேரும் மாற்றத்தால் தோன்றி வாழ்நாள் முழுவதும் தொடரும் நிலைகளுக்கான பொதுப்பெயர். முன்பு மனவளர்ச்சிக் குறைவு எனப்பட்ட அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், இவை ஒன்றுக்கு மேற்பட்டுச் சேரும் பல்வகைக் குறைபாடு ஆகியவை இதில் அடங்கும். இந்நிலைகளை நீக்கும் மருந்து இல்லை. மழலைப் பருவத்தில் பேச்சுப் பயிற்சியும் உடலியக்கப் பயிற்சியும், பள்ளிப் பருவத்தில் சிறப்பாசிரியர் துணையும், இளமையில் தொழிற்பயிற்சியும், பெற்றோர் முதுமையடைந்தபின் உறைவிடமும் உடனிருப்போரும் என ஒவ்வொரு பருவத்துக்கும் உரிய சேவைகளே இவர்களுடைய வாழ்க்கையின் தரத்தைத் தீர்மானிக்கின்றன. ஆகவே இவர்களைப் பற்றிய சட்டம் எதுவாயினும், அது யாருக்கு என்ன உரிமை என்று சொல்வதோடு, அந்த உரிமையைச் சேவையாக மாற்றும் கடமை யாருடையது, அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இக்கேள்வியை வைத்துப் பார்ப்பதற்குக் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் பொருத்தமான களம். அம்மாவட்டத்தில், பெரியாற்றின் கரையில் கொச்சி மெட்ரோவின் வடமுனையாக அமைந்த ஆலுவா நகராட்சியைக் கீழ்மாடு, எடத்தலா, சூர்ணிக்கரை, கடுங்கல்லூர் ஆகிய ஊராட்சிகள் சூழ்ந்துள்ளன. உள்ளாட்சிகளுக்கு அதிகாரமும் நிதியும் பகிர்ந்தளிப்பதில் இந்தியாவிலேயே முன்னே நிற்கும் மாநிலம் கேரளம் என்பதால், சட்டத்தின் வாசகம் ஒரு குடும்பத்தின் வாசற்படி வரை எவ்வாறு வந்து சேர்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதை இங்கே தெளிவாகக் காணலாம். மத்தியச் சட்டங்கள் இம்மக்களுக்குச் சான்றிதழையும் காப்பாளரையும் ஓரளவு உறுதியாகத் தந்துள்ளன. சேவையை மட்டும் அரசின் வசதிக்கும் ஊராட்சியின் ஆர்வத்துக்கும் விட்டிருக்கின்றன. இன்றைய நிலையின் சாரம் இதுவே.

பெற்றோரின் அச்சத்திலிருந்து பிறந்த சட்டம்

1912ஆம் ஆண்டின் இந்தியப் பித்தர் சட்டம், மனநோயாளரையும் பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றியோரையும் ஒரே சொல்லால் குறித்து, இருவருக்கும் ஒரே ஏற்பாட்டை வகுத்தது. அதன் இடத்தில் வந்த 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், மனவளர்ச்சிக் குறைவு மனநோய் ஆகாது என்று பிரித்தது. மருத்துவ நோக்கில் இது சரியான திருத்தம். ஆனால் பதினெட்டு வயதைக் கடந்த அறிவுசார் குறைபாடுடையவருக்குக் காப்பாளரை நியமிப்பதற்கு இருந்த பழைய வழியும் அதனோடு அடைபட்டது. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டமோ சிறாருக்கு மட்டுமே உரியது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் மனவளர்ச்சிக் குறைவைச் சேர்த்து, ஆட்டிசத்தை விட்டுவிட்டது. காப்பாளர் பற்றி அது எதுவும் பேசவில்லை.

“எங்களுக்குப் பிறகு யார்?” என்பது இக்குடும்பங்கள் எல்லா இடத்திலும் எழுப்பும் கேள்வி. 1995இல் ‘பரிவார்’ என்னும் தேசியக் கூட்டமைப்பாகத் திரண்ட பெற்றோர் சங்கங்களும் தொண்டு நிறுவனங்களும் இக்கேள்வியை அரசின் முன் வைத்ததன் விளைவாக, 1999 டிசம்பரில் தேசிய அறக்கட்டளைச் சட்டம் நிறைவேறியது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைவு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும் உரிய இச்சட்டம், 100 கோடி ரூபாய் மூலநிதியுடன் ஓர் அறக்கட்டளையை நிறுவி, பெற்றோர் மறைந்தபின் பராமரிப்புக்கு வழி செய்வதைத் தன் நோக்கங்களுள் ஒன்றாக அறிவித்தது. காப்பாளரை நியமிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு அன்றி மாவட்ட அளவிலான உள்ளூர் நிலைக் குழுவுக்கு அளிக்கப்பட்டது. மாவட்ட ஆட்சியர் நிலையிலுள்ள அதிகாரி, பதிவுபெற்ற தொண்டு நிறுவனம் ஒன்றின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகிய மூவர் கொண்ட இக்குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். வழக்கறிஞர் கட்டணமும் ஆண்டுக்கணக்கான காத்திருப்பும் இன்றி, மாவட்டத் தலைமையிடமான காக்கநாட்டுக்குச் சென்று ஆலுவாவின் பெற்றோர் ஒருவர் காப்பாளர் சான்றிதழ் பெற முடிகிறதென்றால், அது இச்சட்டம் தந்த வசதி.

இக்காப்பாளருக்குக் கடமைகள் உண்டு. நியமனம் பெற்ற ஆறு மாதங்களுக்குள் குறைபாடுடையவரின் சொத்துப் பட்டியலையும், அதன்பின் நிதியாண்டுதோறும் வரவு செலவுக் கணக்கையும் அவர் குழுவிடம் அளிக்க வேண்டும். தவறாக நடந்தால் குழு அவரை நீக்கலாம். ஆயின் பராமரிப்பு என்ற மறுபாதியில் சட்டத்தின் குரல் தாழ்கிறது. பகல்நேர மையங்கள், தற்காலிகத் தங்கல், வாழ்நாள் உறைவிடம் ஆகியவற்றுக்கான அறக்கட்டளையின் திட்டங்கள் பதிவுபெற்ற தொண்டு நிறுவனங்கள் வழியாகவே நடைபெறுகின்றன; அத்தகைய நிறுவனம் முன்வராத ஊரில் திட்டமும் இல்லை. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையிலான ‘நிராமயா’ மருத்துவக் காப்பீடு ஒன்றே ஊர் வேறுபாடு இன்றி எவரும் சேரக்கூடிய திட்டமாக நிற்கிறது.

“பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு”

ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று ஏற்றது. அதற்கேற்ப 2016இல் இயற்றப்பட்டு 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ள மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், ஏழு வகைகளை இருபத்தொன்றாக விரித்து, ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் சேர்த்துக்கொண்டது. அரசுப் பணியிடங்களில் நான்கு விழுக்காட்டை ஒதுக்கி, அதில் ஒரு விழுக்காட்டை அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குப் பொதுவாக்கியது. நாற்பது விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடைய 6 முதல் 18 வயதினருக்கு இலவசக் கல்வியை உறுதிசெய்ததோடு, அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் உடையோருக்குச் சந்தைத் தொடர்புள்ள தனித் தொழிற்பயிற்சி வேண்டும் என்று வெளிப்படையாகவே கூறியது.

உரிமைகளின் பட்டியல் இவ்வளவு விரிவாக இருக்க, சேவைகளைப் பற்றிய பிரிவுகளுக்குள் ஒரு நிபந்தனை நுழைந்திருக்கிறது. சமூகப் பாதுகாப்பு பற்றிய 24ஆம் பிரிவும் மறுவாழ்வு பற்றிய 27ஆம் பிரிவும், அரசு தன் பொருளாதாரத் திறனுக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டே இவற்றைச் செய்யும் என்கின்றன. இவ்வாசகம் இருக்கும்வரை, தம் மகனுக்குப் பகல்நேர மையம் இல்லை என்று முறையிடும் பெற்றோருக்கு, நிதி கிடைக்கும்போது பார்க்கலாம் என்ற பதிலை அரசு சட்டத்துக்கு உட்பட்டே சொல்ல முடியும். வேலையில் பாகுபாடு காட்டினால் மீறல் எதுவென்று சுட்டலாம். இல்லாத மையத்தை மீறலாகச் சுட்டுவது கடினம்.

இருபத்தொரு வகைகளின் பட்டியலில் இடம்பெற்ற ஹீமோபிலியா என்னும் இரத்தம் உறையாமை நோயோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு விளங்கும். ஆலுவாவின் மாவட்ட மருத்துவமனையில் உள்ள ஹீமோபிலியா சிகிச்சை மையம் பெயர் பெற்றது. அந்நோயுடையவர் எந்த வாசலுக்குச் செல்ல வேண்டும், அங்கே எதைக் கேட்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆட்டிசமுடைய முப்பது வயதினருக்கு அத்தகைய ஒற்றை வாசல் இல்லை. அவருடைய தேவைகள் சுகாதாரம், கல்வி, சமூகநீதி, உள்ளாட்சி, வருவாய் ஆகிய துறைகளுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒன்றுசேர்த்துப் பொறுப்பேற்கும் அலுவலர் எவரையும் சட்டம் பெயரிட்டுச் சொல்லவில்லை.

சான்றிதழின் கணக்கு

எல்லாச் சலுகைகளுக்கும் முதற்படி குறைபாட்டுச் சான்றிதழ். அறிவுசார் குறைபாட்டை அளப்பதற்கு, நுண்ணறிவுச் சோதனையோடு, உண்ணுதல், உடுத்தல், பிறரோடு பழகுதல் போன்றவற்றில் ஒருவர் அடைந்த தேர்ச்சியைக் கணக்கிடும் வைன்லண்ட் சமூக முதிர்ச்சி அளவையும் பயன்படுகிறது. ஆட்டிசத்துக்கு இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட தனி அளவை உண்டு. மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளின்படி, அறிவுசார் குறைபாட்டின் மிதமான நிலைக்கு 50 விழுக்காடு, நடுத்தர நிலைக்கு 75, கடுமையான நிலைக்கு 90, மிகக் கடுமையான நிலைக்கு 100 என்று மதிப்பிடப்படுகிறது.

ஒரு துறை வகுத்த இந்த எண்கள் இன்னொரு துறையின் வரம்போடு மோதுகின்றன. மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியம் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்து, 80 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உடையோருக்கே உரியது. தனியே பயணம் செய்யவோ பணத்தைக் கையாளவோ இயலாத நடுத்தர நிலையினர் 75 விழுக்காடு என்பதால் அதற்கு வெளியே நின்றுவிடுகிறார்கள். உள்ளே வருவோருக்கும் மத்திய அரசின் பங்கு 2012 முதல் மாதம் 300 ரூபாயே. எஞ்சியதை மாநிலங்கள் தத்தம் விருப்பப்படி நிரப்புகின்றன. கேரளம் நெடுங்காலம் மாதம் 1,600 ரூபாய் வழங்கி, 2025 நவம்பர் முதல் அதை 2,000 ரூபாயாக உயர்த்தியது. தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடுடையோருக்கான பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் 2,000 ரூபாய். குறைபாடுடையவரை முழுநேரமும் கவனித்துக்கொள்பவருக்கென்று மாதம் 600 ரூபாய் தரும் கேரளத்தின் ‘ஆஸ்வாசகிரணம்’ திட்டத்தின் சிறப்பு அதன் தொகையில் இல்லை. வேலைக்குச் செல்ல இயலாமல் வீட்டிலேயே தங்கிவிடும் தாயின் உழைப்பை, அரசு கணக்கில் கொள்ளத்தக்க உழைப்பு என்று ஏற்ற கொள்கையில் இருக்கிறது.

ஊராட்சி நடத்தும் பள்ளி

சட்டம் விட்ட இடைவெளியைக் கேரளம் உள்ளாட்சியைக் கொண்டு நிரப்ப முயன்றது. 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் மாநிலத் திட்ட நிதியின் கணிசமான பகுதியை ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் மாற்றியது. அந்நிதியில் குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு ஐந்து விழுக்காட்டை ஒதுக்க வேண்டும் என்ற விதியும் பின்னர் வந்தது. 1998இல் உருவான பெண்களின் குடும்பஸ்ரீ இயக்கம், வீடு வீடாக நன்கறிந்த அயல்கூட்டங்கள் வழியாக, மறைந்து கிடந்த தேவையைக் கண்டறியும் கருவியாயிற்று. இவ்விரண்டும் சேர்ந்த இடத்தில், 2004 ஆகஸ்ட் 16 அன்று திருவனந்தபுரம் மாவட்டத்தின் வெங்ஙானூர் ஊராட்சியில், ஏழைக் குடும்பங்களின் அறிவுசார் குறைபாடுடைய குழந்தைகளுக்கான முதல் ‘பட்ஸ்’ பள்ளி தொடங்கியது. மொட்டுகள் என்னும் பொருள்தரும் ஆங்கிலப் பெயரையே மலையாளிகள் அப்படியே வழங்குகிறார்கள். இன்று மாநிலம் முழுவதும் 350க்கும் மேற்பட்ட இத்தகைய நிறுவனங்கள் உள்ளன. பதினெட்டு வயதைக் கடந்தோருக்கான ‘பட்ஸ்’ மறுவாழ்வு மையங்களும் இவற்றுள் அடங்கும். எண்டோசல்பான் பூச்சிக்கொல்லியால் பாதிக்கப்பட்ட காசர்கோடு மாவட்டத்தின் ஊராட்சிகளுக்கு இப்பள்ளிகளே பெரும் ஆதாரமாயின.

இந்த ஏற்பாட்டின் வலிமை அதன் அண்மை. கட்டடமும் ஆசிரியர் ஊதியமும் பிள்ளைகளை அழைத்துவரும் வாகனமும் ஊராட்சியின் பொறுப்பு என்பதால், குறையைச் சொல்ல வேண்டிய இடம் தலைநகரில் இல்லை. தெருவில் எதிர்ப்படும் வார்டு உறுப்பினரே போதும். அதன் வலுவின்மையும் அதே வேரிலிருந்துதான் வருகிறது. ‘பட்ஸ்’ தொடங்குவது ஊராட்சியின் முடிவு. தொடங்கியே தீர வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் இல்லை. ஆகவே ஒரே ஆற்றங்கரையில் அடுத்தடுத்து அமைந்த இரண்டு ஊராட்சிகளுள் ஒன்றில் மையமும் மற்றொன்றில் வெறும் உதவித்தொகையும் இருக்க முடியும். கல்வித் துறைக்கு வெளியே உள்ளாட்சியின் கீழ் இயங்குவதால், ‘பட்ஸ்’ ஆசிரியர் அரசுப் பள்ளி ஆசிரியரின் பணி நிலையையும் ஊதியத்தையும் பெறுவதில்லை.

பொதுப் பள்ளிகளிலும் இதே குறை வேறு வடிவில் நிலவுகிறது. அங்கே மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குத் துணைநிற்கும் சிறப்பாசிரியர்கள், சமக்ர சிக்ஷா திட்டத்தின் வட்டார வள மையங்கள் வழியாக, பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்படுகிறார்கள். ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில், தொடக்கநிலையில் இத்தகைய பத்து மாணவருக்கு ஒருவரும் இடைநிலையில் பதினைந்து மாணவருக்கு ஒருவரும் சிறப்பாசிரியராக இருக்க வேண்டும் என்ற அளவை வற்புறுத்தியது. 2025 மார்ச்சில், அப்பணியிடங்களை உருவாக்கி நிரப்பும்படி மாநிலங்களுக்கு ஆணையிட்டது. எண்ணிக்கையோடு சொல்லப்பட்ட கடமையை நீதிமன்றம் கண்காணிக்க முடியும் என்பதற்கு இவ்வழக்கு சான்று.

உள்ளாட்சியே வாசலாகும்போது, ஊரின் பட்டியலில் நிலையான இடமில்லாதோர் எளிதில் விடுபடுவார்கள். பெரும்பாவூர், எடையாறு தொழிற்பகுதிகளில் வாடகை அறைக்கு வாடகை அறை மாறிக்கொண்டிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு இது பொருந்தும். மட்டாஞ்சேரியிலும் கொச்சிக் கோட்டைப் பகுதியிலும் தலைமுறைகளாக வாழும் தமிழ், குஜராத்தி, கொங்கணிக் குடும்பங்கள் பட்டியலில் இருந்தாலும், வீட்டில் ஒரு மொழியும் பேச்சுப் பயிற்சியில் வேறொரு மொழியுமாகத் தம் குழந்தை தடுமாறுவதைக் காண நேரும். வெளிமாநிலத்தவரின் குழந்தைகளுக்கு அவரவர் மொழியின் துணையோடு கற்பிக்கும் ‘ரோஷ்னி’ திட்டத்தை 2017இல் தொடங்கிய எர்ணாகுளம் மாவட்டத்துக்கு, அந்த அனுபவத்தைப் பயிற்சி மையங்களுக்கும் விரிப்பது இயலாத காரியமன்று.

பதினெட்டுக்குப் பின்

இச்சேவைகள் யாவும் குழந்தைப் பருவத்தில் அடர்ந்தும் அதன்பின் மெலிந்தும் காணப்படுவதற்குக் காரணம் சட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. பிறப்பு முதல் 18 வயது வரை தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் பரிசோதனை, மாவட்டத் தொடக்கநிலைத் தலையீட்டு மையம், அங்கன்வாடி, பள்ளி, வீட்டிலிருந்தே கற்கும் உரிமை என ஒன்றன்பின் ஒன்றாகப் படிகள் உள்ளன. கல்வி சட்டம் உறுதிசெய்த உரிமை என்பதால் அரசு அவற்றைத் தட்டிக்கழிக்க முடியாது. பதினெட்டாம் பிறந்தநாளில் அந்த உரிமை முடிந்து, பொருளாதாரத் திறனுக்கு உட்பட்ட பிரிவுகளின் ஆட்சி தொடங்குகிறது. வாழ்நாளின் பெரும்பகுதியோ அதற்குப் பின்னர்தான்.

இக்கட்டத்தில்தான் காப்பாளர் பற்றிய சிக்கலும் எழுகிறது. 2007 நவம்பரில் ரிசர்வ் வங்கி, உள்ளூர் நிலைக் குழுவின் காப்பாளர் சான்றிதழை வங்கிகள் ஏற்கலாம் என்று அறிவித்தது. குடும்பங்களுக்குப் பேருதவியாக வந்த இச்சுற்றறிக்கையின் நடைமுறை விளைவு, வங்கிக் கணக்கு, ஓய்வூதியம், சொத்துப் பங்கு என எதற்கும் முதலில் காப்பாளரைத் தேடும் பழக்கமாக வளர்ந்தது. ஐ.நா. உடன்படிக்கையின் 12ஆம் பிரிவோ, குறைபாடு எவ்வளவு கடுமையாயினும் சட்டத்தின் முன் முடிவெடுக்கும் தகுதி எல்லோருக்கும் உண்டு, அரசு அளிக்க வேண்டியது முடிவெடுக்க உதவும் துணையே என்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இதை ஏற்று, ‘வரம்புக்குட்பட்ட காப்பாளர்’ என்ற நிலையை உருவாக்கியது. அவர் குறிப்பிட்ட முடிவுக்காக, குறிப்பிட்ட காலத்துக்கு, குறைபாடுடையவரின் விருப்பத்தையொட்டி அவரோடு சேர்ந்து முடிவெடுப்பவர். வேறு சட்டங்களின்கீழ் நியமிக்கப்பட்ட காப்பாளரும் இவ்வாறே செயல்பட வேண்டும் என்று அப்பிரிவு கூறினாலும், 1999ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கேற்பத் திருத்தப்படவில்லை. 2019இல் இந்தியாவின் நிலையை ஆராய்ந்த ஐ.நா. குழு, காப்பாளர் முறையையே நீக்கும்படி பரிந்துரைத்தது.

துணையோடு முடிவெடுத்தல் என்பது வெறும் கோட்பாடு அன்று. சண்டிகரில் அரசு இல்லம் ஒன்றில் பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கருவுற்ற, மிதமான அறிவுசார் குறைபாடுடைய பெண்ணின் வழக்கில், கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் இட்ட ஆணையை உச்ச நீதிமன்றம் 2009இல் நிறுத்தியது. குழந்தையைப் பெற விரும்பிய அவருடைய சம்மதமின்றி அரசு காப்பாளராக நின்று முடிவெடுக்க இயலாது என்று தீர்ப்பளித்தது. அதே வேளையில், துணைநிற்க ஒருவரும் இல்லாத ஊரில் காப்பாளரை மட்டும் நீக்குவது, ஏமாற்றுவோரிடம் அம்மனிதரைக் கையளிப்பதாக முடியலாம் என்ற பெற்றோரின் அச்சத்தையும் புறக்கணிக்க இயலாது. முடிவெடுக்கத் துணைபுரிவதும் ஒரு சேவையே. அதற்கும் பயிற்சி பெற்ற ஆளும் ஊதியமும் வேண்டும். ஆகவே காப்பாளர் பற்றிய விவாதம் சுற்றிச் சுழன்று சேவை பற்றிய கேள்விக்கே வந்து சேர்கிறது.

கடமைக்கு ஒரு பெயர்

பிற நாடுகளின் அனுபவம் இங்கே பயன்படும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1969இல் இயற்றிய லாண்டர்மன் சட்டம், வளர்ச்சிசார் குறைபாடுடைய ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சேவைத் திட்டம் எழுதப்பட வேண்டும் என்றும், அதை நிறைவேற்றும் பொறுப்பு வட்டார மையத்தைச் சேரும் என்றும் வகுத்தது; நிதிப் பற்றாக்குறையைக் காட்டி அச்சேவைகளைக் குறைக்க முயன்றபோது, அத்திட்டத்தில் எழுதப்பட்டவை உரிமைகள் என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 1985இல் தீர்ப்பளித்தது. கலிபோர்னியாவின் செல்வம் கேரளத்துக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் அத்தீர்ப்பை இயலச் செய்தது தனிநபர் திட்டம் என்ற ஓர் ஆவணமும் பொறுப்பாளர் என்ற ஓர் அலுவலகமும்தான்.

இந்திய அமைப்பில் இவற்றுக்கு இடம் ஏற்கெனவே இருக்கிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, தீவிரத் துணை தேவைப்படுவோர் அரசு அறிவிக்கும் அதிகார அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம் என்றும், மதிப்பீட்டு வாரியத்தின் அறிக்கைப்படி துணை அளிக்கப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. ஒவ்வொரு விண்ணப்பத்தின் முடிவிலும் சேவைகளின் பட்டியலும் அவற்றை வழங்க வேண்டிய உள்ளாட்சிச் செயலரின் பதவிப்பெயரும் எழுதப்படுமானால், இன்று பயன்பாடின்றிக் கிடக்கும் இப்பிரிவு வயதுவந்தோருக்கான திறவுகோலாக மாறும். கேரள அரசின் பங்கில், ‘பட்ஸ்’ மையம் நடத்துவதை ஊராட்சியின் கட்டாயக் கடமையாக்கி, ஆசிரியர் ஊதியத்தை மாநில நிதியிலிருந்து உறுதிசெய்வது தேவை. தனியே நடத்த இயலாத சிறு உள்ளாட்சிகள் அண்டை ஊராட்சிகளோடு சேர்ந்து நடத்தலாம். நாடாளுமன்றத்தின் பங்கில், 1999ஆம் ஆண்டுச் சட்டத்தை 14ஆம் பிரிவுக்கு இசையத் திருத்துவதும், மத்திய ஓய்வூதியத்தின் 80 விழுக்காடு வரம்பைத் தளர்த்துவதும் நெடுநாளாக நிலுவையில் உள்ள வேலைகள்.

தமிழ்நாடு 2025 ஏப்ரலில் சட்டத்தைத் திருத்தி, உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்க வழிவகுத்தது. கேரளம் உள்ளாட்சியின் நிதியை அவர்களை நோக்கித் திருப்பியது. முன்னது மன்றத்தில் குரலைத் தருகிறது, பின்னது குரலுக்குச் செவிசாய்க்க நிதியைத் தருகிறது; இரண்டு மாநிலங்களும் ஒன்றிடமிருந்து மற்றொன்று எடுத்துக்கொள்ள வேண்டியவை இவை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அறிவுசார் குறைபாடுடையோராகப் பதிவானவர்கள் மட்டும் நாட்டில் ஏறத்தாழ 15 லட்சம் பேர். அவர்களுடைய பெற்றோர் பலர் இன்று முதுமையை எட்டிவிட்டார்கள். அப்பெற்றோருக்குப் பிறகு கையொப்பமிடுவது யார் என்பதற்குச் சட்டம் 1999இலேயே விடை சொல்லிவிட்டது. உணவும் உறைவிடமும் வேலையும் தோழமையும் தருவது யாருடைய கடமை என்பதற்கும் அதே தெளிவோடு விடை எழுதப்படும்போதுதான், அச்சட்டத்தைக் கேட்டுப் பெற்ற பெற்றோரின் கோரிக்கை முழுமையாக நிறைவேறியதாகும்.